ஒரு அரசாணையின் வாலைப் பிடித்து அதன் பூர்வீகத்துக்குப் போவது எப்படி?

"பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட ஆரம்பித்தது யார்?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் காமராசர் என்பார். எம்.ஜி.ஆர். என்று இன்னொருவர் மல்லுக்கட்டுவார். அதெல்லாம் நீதிக்கட்சிக் காலத்திலேயே வந்துவிட்டது என்று மூன்றாமவர் குறுக்கே புகுவார். மூவர் கையிலும் உண்மை இருக்கிறது, அதனால்தான் சண்டை தீர்வதில்லை.

அரசுத் திட்டம் எதுவும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் பிறப்பதில்லை. ஒரு தாளைக் காட்டி அடுத்த தாள் வரும். அந்தத் தாள்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பேச்சாளர்களின் தயவு நமக்குத் தேவையில்லை. சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தமிழ் வாசிப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் படி: ஒரே ஒரு திட்டத்தை எடுங்கள்

"கல்விக் கொள்கையைப் புரிந்துகொள்ளப் போகிறேன்" என்று உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் எழுந்துவிடுவீர்கள். உங்கள் வீட்டைத் தொடும் ஒன்றை எடுங்கள். முதியோர் ஓய்வூதியம், ரேஷன், பட்டா மாறுதல் என்று எதுவானாலும் சரி. நான் இங்கே பள்ளிகளில் தரும் காலை உணவை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: கையில் இருப்பது என்ன தாள்?

செய்தியில் எல்லாமே "அரசு உத்தரவு"தான். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு ரகம். தேர்தல் அறிக்கை வெறும் வாக்குறுதி. சட்டமன்றத்தில் விதி 110-இன் கீழ் படிப்பது அறிவிப்பு, அதன்மேல் அங்கே விவாதம் கிடையாது. மசோதா நிறைவேறி, ஒப்புதல் பெற்று, அரசிதழில் வந்தால் சட்டம். அந்தச் சட்டத்தை நடத்தும் முறையைச் சொல்பவை விதிகள். அரசு தன் நிர்வாக அதிகாரத்தில் போடுவது அரசாணை. அதற்கும் கீழே, துறைத் தலைவர் தன் அலுவலகங்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கை.

நம் ஊர் நலத்திட்டங்களில் பெரும்பகுதி அரசாணையில்தான் ஓடுகிறது. சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். அரசாணையை மாற்ற இன்னொரு அரசாணை போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் படி: அரசாணையைப் பின்பக்கமாகப் படியுங்கள்

தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாக அரசாணைகள் கிடைக்கின்றன. உங்கள் திட்டத்துக்கான ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

மேலே துறையின் பெயர், எண், நாள் இருக்கும். "திருவள்ளுவர் ஆண்டு 2053" என்று பார்த்து மிரள வேண்டாம், 31-ஐக் கழித்தால் 2022. அதற்குக் கீழே "சுருக்கம்". பெயர்தான் சுருக்கம், படித்தால் சரக்கு ரயில்போல நீளும். நடுநடுவே சிறுகோடுகள் போட்டுப் பெட்டிகளைக் கோத்திருப்பார்கள். இதைக் கடைசிப் பெட்டியிலிருந்து படியுங்கள். "ஆணை வெளியிடப்படுகிறது" என்று முடிகிறதா, "நிதி ஒப்பளிப்பு" (பணத்துக்கு அனுமதி) என்று வருகிறதா, "திருத்தம்" என்கிறதா? திருத்தம் என்றால் உங்கள் கையில் இருப்பது மூலம் அல்ல, மூலத்தைத் தேடியாக வேண்டும்.

அடுத்து "படிக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல். ஏதோ அலுவலக எண்கள் என்று எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். என்னைக் கேட்டால் மொத்தத் தாளிலும் இதற்குத்தான் மதிப்பு அதிகம். இந்த ஆணை போடுமுன் எந்தெந்த முந்தைய ஆணைகளைப் பார்த்தார்கள், எந்த அதிகாரி எந்தத் தேதியில் கடிதம் எழுதினார் என்று வரிசையாக இருக்கும். அதில் பழைய அரசாணையின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதைத் தேடுங்கள். அதிலும் ஒரு "படிக்கப்பட்டவை" இருக்கும். இப்படி நாலு தாள் பின்னால் போனாலே பல வருடங்களைத் தாண்டியிருப்பீர்கள். பெரியவர்கள் ஒரு பெயரைச் சொன்னதும் அவர் அப்பா யார், தாத்தா யார் என்று நூல் பிடிப்பார்களே, அதே வேலைதான்.

அப்புறம் கடைசிப் பத்தி. "இவ்வாணை நிதித் துறையின் அ.சா. எண் இன்னது, நாள் இன்னதில் பெறப்பட்ட இசைவுடன் வெளியிடப்படுகிறது" என்ற தோரணையில் ஒரு வரி வரும். அ.சா. என்றால் அலுவல் சார்பற்றது, துறைக்குத் துறை அனுப்பிக்கொள்ளும் குறிப்பு. பணம் செலவாகும் திட்டத்துக்கு இந்த வரியும், எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைக்க வேண்டும் என்ற வரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாலை போட்டுத் தொடங்கி வைத்த புகைப்படத்தைவிட இந்த இரண்டு வரிகளையே நான் நம்புவேன்.

நான்காம் படி: பழைய பெயரில் தேடுங்கள்

இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் பழைய தாள் சிக்காது. இன்று சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, 2021-க்கு முன்னால் சமூக நலன் மற்றும் சத்துணவுத் திட்டத் துறை. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரே 1969-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்னால் சென்னை மாநிலம். ரொம்பப் பழையது வேண்டுமென்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன.

ஐந்தாம் படி: இரண்டு வருடக் குறிப்புகளை அருகருகே வையுங்கள்

பட்ஜெட்டுக்குப் பிறகு, துறைவாரியாகச் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு துறையும் "கொள்கை விளக்கக் குறிப்பு" ஒன்றை வெளியிடும். புகழுரையைத் தாண்டி அட்டவணைகளுக்குப் போங்கள். சென்ற வருடக் குறிப்பையும் திறந்து, அதே திட்டத்தின் பக்கத்தை ஒப்பிடுங்கள். புதிதாகச் சேர்ந்ததை அவர்களே சொல்லிவிடுவார்கள். சத்தமில்லாமல் காணாமல் போனதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்ஜெட் புத்தகத்திலும் அப்படித்தான்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என்று மூன்று நிலைகள் உண்டு. உண்மையில் எவ்வளவு செலவானது என்பது மூன்றாவதில்தான் தெரியும், அது இரண்டு வருடம் கழித்துத்தான் வரும்.

ஆறாம் படி: கிடைத்ததை வரிசையாக எழுதுங்கள்

ஒரு நோட்டில் வருடம், யார் போட்டது, யாருக்கு, எந்தத் தாளில் என்று நான்கு நெடுவரிசைகள் போதும். நான் எழுதியது இப்படி வந்தது.

1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு தர முடிவெடுக்கிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கும்போது அது கிராமத்துப் பிள்ளைகளுக்கு, 2 வயது முதல் 9 வரை. அதே செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் 15 வயது வரைக்கும் விரிகிறது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்கிறது. 2001 நவம்பர் 28-இல், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புகளுக்குச் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிடுகிறது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை 14 வயது வரையிலான பிள்ளைகளின் உரிமையாக்குகிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம், 1,545 பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும்.

இப்போது நான்காவது நெடுவரிசையை, அதாவது எந்தத் தாள் என்பதை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். ஒரே பிள்ளை, ஒரே பள்ளி. மதியச் சோறு நாடாளுமன்றச் சட்டத்தின் மேல் நிற்கிறது, காலை உப்புமா மாநில அரசாணையின் மேல் நிற்கிறது. இரண்டாம் படியில் மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நோட்டில் எழுதிப் பார்க்கும்வரை எனக்கும் இது உறைக்கவில்லை.

ஏழாம் படி: கிடைக்காததைக் கேட்டு வாங்குங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். பதில் தர அவருக்கு 30 நாள் உண்டு.

நான் போட்ட முதல் மனுவில், ஒரு உதவித்தொகையைக் குறிப்பிட்டு "ஏன் நிறுத்தினீர்கள்? இது நியாயமா?" என்று ஆவேசமாக எழுதியிருந்தேன். தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபம் வந்தது, ஆனால் தப்பு என்னுடையதுதான். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், கருத்தைக் கேட்க முடியாது. அடுத்த முறை, "இன்ன நாளிட்ட அரசாணையின் நகலும், அது தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலும் தேவை" என்று மட்டும் எழுதினேன். கட்டு வந்து சேர்ந்தது. யார் என்ன ஆட்சேபம் எழுதினார், யார் அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் இருந்தது. "ஏன்" என்ற கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேயே கிடந்தது.

பதில் வரவில்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ, 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவை ஒப்புகையுடன் அனுப்பி, அந்தச் சீட்டை மனு நகலோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். மனு அவர்கள் கைக்குப் போன தேதியிலிருந்துதான் நாள் கணக்கு ஓடும்.