மனைப்பிரிவுச் சாலை: தார் போடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

சாலையைக் கடைசி வேலையாக நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி), சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) ஆகியவற்றின் அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் (லே-அவுட்) சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதி இலவசமாக ஒப்படைத்தாக வேண்டும். ஆக, நீங்கள் போடுவது ஊர்ப் பொதுச் சாலை. மனை விற்றுத் தீரும்வரை தாங்கினால் போதும் என்று போடக்கூடாது.

அதிகம் சறுக்குவது தண்ணீர் விஷயத்தில். நான் வேலை பார்த்த ஒரு மனைப்பிரிவு முன்பு நஞ்சை நிலம். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடியது. அதன்மேல் சாலை கடக்கும் இடத்தில் ஒற்றைக் குழாயைப் பதித்து மண் மூடிவிட்டார்கள். ஐப்பசி மழையில் குழாய் வாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டு, மேல்வயல் முழுக்கத் தண்ணீர் தேங்கியது. நாற்று அழுகிய விவசாயி வந்து நின்றபோது எங்களிடம் பதில் இல்லை. அவரை முன்பே கூட்டிவந்து, "மழைத்தண்ணி எப்படிய்யா வடியும்?" என்று கேட்டிருந்தால் போதும். ஆள் இறங்கித் தூர்வாரும் அளவுக்குச் சிறுபாலம் கட்டுங்கள். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் அதன் நிபந்தனைகளையும் படித்துவிட்டே மட்டம் குறியுங்கள்.

மழைத்தண்ணீர் இருபுறமும் வடிய வைக்கும் சாலையின் நடுமுதுகும் அப்படித்தான். 6 மீட்டர் தார்ப் பரப்புக்கு 2.5 சதவீதச் சாய்வு என்றால், நடுப்பகுதி ஓரத்தைவிட 7.5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். குறுக்கே நூல் பிடித்தாலே தெரிந்துவிடும். ஆனால் தார் ஊற்றும் நாளில் பெரும்பாலும் யாரும் நூல் பிடிப்பதில்லை.

குடிநீர்க் குழாய்க்கும் மின்கேபிளுக்கும் சாலையின் குறுக்கே முன்கூட்டியே உறைக்குழாய் பதிக்காவிட்டால், புதுச் சாலையை மூன்றே மாதத்தில் வெட்ட வேண்டிவரும்.

எனக்குக் கோபம் வருவது ஓர் அடி நிலத்தில். பக்கத்து நிலத்துக்காரர் சாலையைப் பயன்படுத்திவிடக் கூடாதென்று, மனை போடுபவர்கள் சாலை முடியும் இடத்தில் ஓர் அடியைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நாளை அடுத்த மனைப்பிரிவு வரும்போது இரண்டு சாலைகளும் சேராது. ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றித்தான் வரும்.

பத்திரத்தில் இன்னொரு சிக்கல். நில உரிமையாளர்களிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கியவருக்கு விற்கும் அதிகாரம் இருக்கும். தானம் எழுதிக்கொடுக்கும் அதிகாரம் இருக்காது. பவர் எழுதும்போதே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாலையை ஒப்படைக்கும் நேரத்தில், வெளிநாட்டில் இருக்கும் பங்காளியைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.