சுவரை அளந்துவிட்டு ஓவியங்களைப் பாருங்கள்: வட்டாரக் கண்காட்சிக்கு நடுவர்களை வைத்துப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரில் தமிழ் ஓவியர்களுக்காக ஒரு வட்டாரக் கண்காட்சி நடத்தலாம் என்று பேச்சு எழுந்ததும், எல்லோரும் அழைப்பிதழுக்கும் சிறப்பு விருந்தினருக்கும் ஓடுகிறார்கள். படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குக் கடைசி வாரம்தான் மிஞ்சுகிறது. நான்கு முறை இந்த வேலையில் இருந்திருக்கிறேன். புதிதாக இறங்குபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சுவர்

கூடத்துக்கு டேப்போடு போங்கள். சித்ரகலா பரிஷத் கேலரியானாலும் சரி, பள்ளிக்கூட ஹாலானாலும் சரி, கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு போக எத்தனை அடி மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 120 அடி கிடைக்கிறது என்று வைப்போம். ஓவியம் சராசரியாக இரண்டரை அடி அகலம், அடுத்ததற்கு ஒன்றரை அடி இடைவெளி. ஆக, 30 ஓவியங்கள். இந்த எண்ணை நடுவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "இதையும் சேர்த்துக்கலாமே" என்று 50 ஆகிவிடும். அப்புறம் ஓவியங்கள் துணிக்கடைப் புடவை மாதிரி நெருக்கியடித்துத் தொங்கும்.

விண்ணப்பம்

தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, அச்சா என்பது), வரைந்த ஆண்டு, உயரம், அகலம். அளவைக் கட்டாயமாகக் கேளுங்கள். திரையில் ஆறு அங்குல லினோகட்டும் (லினோலியம் தகட்டில் செதுக்கி எடுக்கும் அச்சு) ஆறடி கேன்வாஸும் ஒரே அளவில்தான் தெரியும். புகைப்படத்தை ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முழு ஓவியம் ஒன்று, கிட்டத்தில் எடுத்தது ஒன்று போதும். வந்தவுடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தேர்வில் சம்பந்தப்படாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். புகைப்படத்தில் ஓவியரின் கையெழுத்து தெரிந்தால் அதை மறைத்துவிட்டுத்தான் நடுவர்களுக்குக் காட்ட வேண்டும்.

நடுவர்கள்

மூன்று பேர் அல்லது ஐந்து பேர். எல்லோரும் எண்ணெய் வண்ணக்காரர்களாக இருந்தால் அச்சுக்கலைக்கும் சிற்பத்துக்கும் பேச ஆள் இருக்காது, அதனால் கலந்து போடுங்கள். தன் மாணவர் அல்லது உறவினர் படைப்பு வந்தால் அந்த நடுவர் அதற்கு வாக்களிக்கக் கூடாது. இதை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வாங்குங்கள்.

முதல் சுற்று

முதல் தடவை எதையும் முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து முடியுங்கள். காலையில் பார்த்த பத்தாவது ஓவியத்தை மாலையில் பார்த்த தொண்ணூறாவது ஓவியத்தோடு ஒப்பிட இந்தச் சுற்று வேண்டும். இரண்டாம் தடவையில் வேண்டும், வேண்டாம், பார்க்கலாம் என்று மூன்றே பதில்கள்.

மதிப்பெண் போட்டுக் கூட்டிச் சராசரி எடுக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. யாருக்கும் பிடிக்காமல் போகாத படைப்புகள்தான் சராசரியில் மேலே வரும். ஒருவரை உலுக்கி, இன்னொருவரை எரிச்சல்படுத்தும் படைப்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். 1863இல் பாரீஸ் சலோன் என்ற பிரான்ஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர்கள், பிரெஞ்சு ஓவியர் மானேயின் ஓவியத்தைத் தள்ளினார்கள். தள்ளப்பட்டவர்களின் குரல் பெரிதாகி, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவர்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். அந்த ஓவியம் இன்று கலை வரலாற்றில் நிற்கிறது. ஆகவே ஒரே ஒரு நடுவர் உறுதியாக "வேண்டும்" என்றாலும் அது அடுத்த சுற்றுக்குப் போகட்டும், காரணத்தை மட்டும் இரண்டு வரியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேரில் பார்ப்பது

இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு வருடம் எங்களுக்கு வந்த கோயில் தெரு ஓவியம் திரையில் அபாரமாக இருந்தது, மூன்று நடுவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நேரில் வந்ததும் செல்போன் டார்ச்சைச் சட்டகத்தின் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடித்தேன். தூரிகைத் தடம் ஒரு திசையில் போகிறது, நிறத்தின் விளிம்பு வேறு திசையில் போகிறது. புகைப்படத்தை கேன்வாஸில் அச்சடித்து, மேலே ஜெல் பூசியிருந்தார்கள்!

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் மைசூர் ஓவியத்துக்கும் இதே டார்ச்தான். புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோல் மின்னும். சாய்ந்த வெளிச்சத்தில் தஞ்சாவூர் வேலையின் புடைப்பு நன்றாக நிழல் விழும்படி எழுந்து நிற்கும், மைசூர் வேலை மெல்லியதாகப் படிந்திருக்கும். இவற்றை இவற்றின் மரபுக்குள் வைத்துத்தான் எடைபோட வேண்டும். நவீன ஓவியத்தின் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்தால் நியாயமாக இருக்காது.

அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கொக்கி, கம்பி உறுதியா? காகித வேலையில் பூஞ்சை இருக்கிறதா? எண்ணெய் வண்ணம் காய்ந்துவிட்டதா?

முடிவைச் சொல்வது

தேர்வானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஒரே நாளில் கடிதம் போக வேண்டும். எத்தனை வந்தன, சுவரில் எத்தனைக்கு இடம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். கோலார் தங்கவயலிலிருந்து ஒருவர் நான்கடி கேன்வாஸைப் பழைய போர்வையில் சுற்றி, மாரிக்குப்பம் ரயிலில் மடியில் சாய்த்தபடி கொண்டு வந்திருந்தார். நேரில் பார்க்கும் சுற்றில் அது தேறவில்லை. கடிதத்தோடு விட மனம் வராமல் ஃபோன் செய்து, கீழ்ப்பகுதியில் வண்ணம் அடைத்துக்கொண்டதைப் பற்றி ஒரு நடுவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "அந்த இடத்துல எனக்கும் சந்தேகம் இருந்துச்சு சார்" என்றார். படைப்புகளைப் பெற்றுக்கொள்ளும்போதே ரசீது கொடுங்கள், திருப்பி எடுக்கும் தேதியை அதிலேயே எழுதுங்கள். அந்த நாளில் வாசலில் கொஞ்சம் கயிறும் அட்டையும் எடுத்து வையுங்கள்.