எண்ணூர்க் களிமண்ணின் விறைப்பும் வெட்டு வலிமையும்: என் அனுபவம்

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றின் அடித்தளக் கணக்கில், வடிகாலற்ற வெட்டு வலிமையை (மண்ணிலுள்ள நீர் வெளியேற நேரமில்லாதபடி சுமை ஏறும்போது மண் நழுவாமல் தாங்கும் வலிமை) எல்லா அடுக்குகளுக்கும் 500ஆல் பெருக்கி விறைப்புக் குணகத்தை, அதாவது சுமையில் உருமாறாமல் மண் எதிர்க்கும் அளவை, கண்டிருந்தார்கள். விரலால் அழுத்தினாலே குழியும் அந்தக் கருஞ்சாம்பல் களிமண்ணுக்கு அது பொருந்தாது. நெகிழ்மைக் குறியீடு (களிமண் பிசையத்தக்க நிலையில் இருக்கும் ஈரப்பத வீச்சு) 50ஐத் தாண்டிய, முன்பு பெருஞ்சுமை தாங்கியிராத களிமண்ணில் இந்த விகிதம் ஏறத்தாழ 100 முதல் 300 வரைதான் இருக்கும். குழாயில் எடுத்த மாதிரி கலையும்போது வலிமையைவிட விறைப்பையே அதிகம் இழக்கிறது என்பதால் (இதைப் பலர் கவனிப்பதில்லை), ஆய்வக விறைப்பை நம்பாமல், களத்திலேயே வேன் சோதனை (மண்ணுக்குள் இறகுத் தகடுகளைச் சுழற்றி வலிமையை அளப்பது) செய்து, நெகிழ்மைக்குரிய திருத்தத்தையும் சேர்த்து, அடுக்குவாரியாக விகிதத்தைத் தேர்ந்தேன். வலிமை 15 கிலோபாஸ்கலாக இருந்த அடுக்குக்கு 200 என்று கொண்டதில் குணகம் 7,500இலிருந்து 3,000 கிலோபாஸ்கலாகக் குறைந்தது. அங்கே கணக்கிட்ட உடனடி அமிழ்வு (சுமை ஏறியவுடன் மண் இறங்கும் அளவு) இரண்டரை மடங்கானது. பிறகு ஆழமாக இறக்கும் தூண்களாலான பைல் அடித்தளத்துக்கு மாறினோம்.