வெயில் பாதுகாப்புக் கொள்கையை நடைமுறைப்படுத்துவது எப்படி: டர்பன் பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெயில் தமிழ்ப் பஞ்சாங்கத்தின்படி வருவதில்லை. தமிழ்நாட்டில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களில் இங்கே பிள்ளைகள் காலையில் ஜெர்சி அணிந்து பள்ளிக்கு வருகிறார்கள். உத்தராயணம் பிறந்துவிட்டது என்று நாம் பொங்கல் பானை வைக்கும் நாளிலோ நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் காலமும் அதுவே. முதல் பருவமும் நான்காம் பருவமும், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், புற ஊதாக் கதிர் மிகக் கடுமையாக இருக்கும் காலங்கள். ஓட்டப் போட்டிகளும் நீச்சல் போட்டிகளும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் வைக்கப்படுகின்றன.

வெயில் பாதுகாப்புக் கொள்கை என்ற பெயரில் ஒரு கோப்பு பல பள்ளிகளில் இருக்கிறது. பெற்றோர் பிரதிநிதியாக இரண்டு தவணை, ஆறு ஆண்டுகள், ஒரு பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தவன் என்ற முறையில், அந்தக் கோப்பு எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் முதல் வரைவில் “மாணவர்களின் நலனில் உரிய கவனம் செலுத்தப்படும்” என்ற வாக்கியம் இருந்தது. கவனம் செலுத்த வேண்டியவர் யார், எந்த நேரத்தில், எதைச் செய்வார் என்பது எங்கும் இல்லை. அதே ஆண்டின் விளையாட்டு விழாவில் ஆசிரியர்களும் விருந்தினர்களும் கெசிபோ என்னும் துணிப்பந்தலின் கீழே அமர்ந்திருக்க, பிள்ளைகள் காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை புல்மேட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கொள்கையில் கையெழுத்திட்டிருந்த நானும் கெசிபோவின் கீழேதான் இருந்தேன். ஒரு பள்ளியை உண்மையில் நடத்துபவை மூன்று காகிதங்கள்: கால அட்டவணை, வரவு செலவுத் திட்டம், ஆசிரியர்களின் கண்காணிப்புப் பணிப் பட்டியல். இந்த மூன்றில் இடம்பெறாத எதுவும் நடப்பதில்லை.

ஆகவே வேலையை நேரம், நிழல், உடை, களிம்பு என்ற வரிசையில் தொடங்குங்கள். பெரும்பாலோர் களிம்பிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனெனில் யாராவது ஒரு பெட்டி சன்ஸ்கிரீன் நன்கொடை தந்துவிட்டால் ஒரு புகைப்படத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் மணியை மாற்றுங்கள்

ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 60 விழுக்காடு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே வந்து சேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமான கேன்சா 10 மணி முதல் 3 மணி வரை நேரடி வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறது. பள்ளி நாளின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுவதால் முழுவதையும் தவிர்ப்பது இயலாத காரியம். உச்ச நேரம் எது என்று தெரிந்துகொண்டு நீண்ட நேர வெயிலை அதிலிருந்து விலக்குவதே செய்யக்கூடியது. டர்பனில் சூரியன் உச்சிக்கு வருவது நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 11.40க்கு, பிப்ரவரி நடுவில் 12.10க்கு. கேப் டவுனில் அதே உச்சி சுமார் 50 நிமிடம் தாமதமாக வருகிறது. அந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் கொள்கையை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றினால், பிள்ளைகளை உள்ளே அழைக்க வேண்டிய நேரத்தில் வெளியே அனுப்புவோம்.

உடற்கல்வி வகுப்புகளை முதல் மூன்று பாட வேளைகளுக்குள் கொண்டுவருவதும், நீண்ட இடைவேளையை இயன்றவரை முன்னே தள்ளுவதும், தார்த் தரையில் நடக்கும் காலைக் கூட்டத்தை முதல், நான்காம் பருவங்களில் தாழ்வாரத்துக்கோ மண்டபத்துக்கோ மாற்றுவதும் ஒரு காசு செலவில்லாத மாற்றங்கள். விளையாட்டு விழாவை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிக்க வேண்டும். முடியாதென்றால் இரண்டு காலைகளாகப் பிரிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எதிர்ப்பு அதிகமாக வரும், பேருந்து ஏற்பாட்டிலிருந்து பரிசளிப்பு வரை எல்லாமே காரணமாகச் சொல்லப்படும். விட்டுக்கொடுக்கக் கூடாத இடமும் இதுவே.

வெப்பமும் புற ஊதாக் கதிரும் வேறு வேறு என்பதை ஆசிரியர்களுக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று வீசும்போது உடம்பெல்லாம் எரியும், ஆனால் புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் குறியீடு மிதமாகவே இருக்கும். டிசம்பரில் கடற்காற்று இதமாக வீசும் ஒரு முற்பகலில் யாருக்கும் சுடாது. குறியீடு 11ஐத் தாண்டியிருக்கும். மெல்லிய மேகம் இருந்தாலும் பெரும்பகுதிக் கதிர் கீழே வந்துவிடும். கைப்பேசியில் உள்ள வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீட்டைப் பார்த்துக் காலையில் ஒரு மாணவர் கரும்பலகையில் எழுதட்டும். 3ஐ எட்டினால் பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

நிழலை நண்பகலில் அளக்க வேண்டும்

எங்கள் குழு செய்த பெரிய பிழை இதில்தான். ஜூலை மாதம் ஒரு பிற்பகலில் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வகுப்பறைக் கட்டடத்தின் தெற்குப் பக்கம் போதுமான நிழல் இருக்கிறது என்று குறித்துக்கொண்டோம். தென் அரைக்கோளத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும் என்பது சரிதான். ஆனால் ஜூன் மாத நண்பகலில் 4 மீட்டர் அகலத்துக்கு நிழல் தரும் ஒரு 3 மீட்டர் சுவர், டிசம்பர் நண்பகலில் தருவது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றால் தோள்பட்டை மட்டும் நிழலில் இருக்கும். கோடையில் சுவர் உதவாது. தலைக்கு மேலே விரிந்த ஒன்றுதான் உதவும்.

நவம்பரில் வெயில் தெளிவாக உள்ள ஒரு நாளில், பதினொன்றே முக்கால் மணிக்கு, இரண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சுண்ணக்கட்டி கொடுத்து நிழலின் விளிம்பைத் தரையில் வரையச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து அதே விளிம்பை வேறு நிறத்தில் வரையட்டும். இரண்டு முறையும் நிழலுக்குள் இருந்த இடமே இடைவேளை முழுவதும் நிற்கும் நிழல். அதில் எத்தனை பிள்ளைகள் உட்கார முடியும் என்று எண்ணி, மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், நிதி கேட்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கதிர் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் சிதறி வருவதாலும், வெளிறிய சிமெண்டுத் தரை அதில் ஓரளவைத் திருப்பி அனுப்புவதாலும், ஒற்றைக் குடையளவு நிழல் அரைகுறைப் பாதுகாப்பே தரும். சிறு சிறு கூரைகள் பலவற்றைவிடப் பெரிய கூரை ஒன்று மேலானது.

மரம் மலிவானது, மெதுவானது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதியில் பல வீட்டு முற்றங்களில் மாமரம் நிற்கிறது. பள்ளி வளாகத்தில் அதையே வைத்தால் காய்க்கும் பருவத்தில் கல்லெறியும் சேர்ந்து வரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஜூலு மொழியில் உம்குஷ்லு எனப்படும் நேட்டால் மகோகனி இந்தக் கடலோர மண்ணுக்கு உரியது, ஆண்டு முழுவதும் இலையடர்ந்து நிற்பது. மலைவேம்பு தானாகவே எங்கும் முளைக்கிறது என்பதற்காக அதை நட வேண்டாம், இந்நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் அது உள்ளது. மரம் வளரும்வரை நிழல்வலை தேவை. அதன் செலவைத் தனி வரியாக வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி அந்தத் திட்டத்தைக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு கூட்டப்பட்ட பெற்றோர் பொதுக் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும். எனவே முந்திய கோடையில் எடுத்த நிழல் அளவும் விலைப்புள்ளிகளும் ஆகஸ்டுக்குள் தயாராக இருந்தால்தான் ஜனவரியில் பணம் கிடைக்கும்.

தொப்பி

சீருடையை முடிவுசெய்யும் பொறுப்பு நிர்வாகக் குழுவுக்கே உண்டு. ஆகவே அகன்ற விளிம்புத் தொப்பியைச் சீருடையில் சேர்ப்பதற்கு மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பக்கம் மட்டும் நீண்ட கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் வெயிலுக்கு விட்டுவிடும். விளிம்பு சிறு பிள்ளைகளுக்கு 5 சென்டிமீட்டரும் பெரியவர்களுக்கு ஏழரை சென்டிமீட்டரும் இருக்கட்டும். நிறத்தை மட்டும் குறிப்பிட்டு, எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று எழுதுங்கள். பின்னலும் அடர்ந்த சுருள்முடியும் உள்ள பிள்ளைகளுக்குச் சாதாரண அளவுத் தொப்பி தலையில் இறங்காது என்பதால், முடிவெடுக்கும் முன் நாலைந்து தலைகளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் மாதிரி ஒரு சிறுமியின் பின்னல்களுக்கு மேலே தேங்காய் மூடிபோல உட்கார்ந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

தொப்பி தொலையும் இடம் பிள்ளைகள் வந்துபோகும் மினிபஸ் டாக்ஸி. அதனால் தொப்பி வீட்டுக்குப் போகக் கூடாது. வகுப்பறை வாசலருகே பெயரெழுதிய கொக்கிகளை அடித்து, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே மாட்டிவைத்து, வெள்ளிக்கிழமை துவைக்க மட்டும் அனுப்ப வேண்டும். பேன் பற்றிய அச்சம் உண்மையானது. பொதுத் தொப்பிப் பெட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் துவைத்தே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். தொப்பி இல்லாத பிள்ளையை இடைவேளையில் வகுப்பில் அடைத்துவைப்பது தவறு. தொப்பி இல்லையென்றால் நிழலில் விளையாடலாம் என்பதே விதியாக இருக்கட்டும், அதற்கும் முதலில் நிழல் வேண்டும். பணியிலிருக்கும் ஆசிரியர் வெறுந்தலையோடு நின்று தொப்பி போடச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது.

உடையைப் பற்றிச் சுருக்கமாக: கையில்லாத ஓட்டப் பனியனுக்குப் பதில் அரைக்கைச் சட்டை, நீச்சலுக்கு நீந்தும்போது அணியும் மேற்சட்டை. நனைந்த வெள்ளைப் பருத்தியை நம்ப வேண்டாம்.

சன்ஸ்கிரீன் முகம், கைகள், கால்கள் என மூடாத இடங்களுக்கு மட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரே ஒரு முறை பூசினாலே 200 மில்லிப் புட்டி ஒன்று காலி, இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் பூச வேண்டும். நன்கொடைப் பெட்டியை நம்பிக் கொள்கை எழுதக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு அளவான எஸ்பிஎஃப் 30க்கும் 50க்கும் தடுக்கும் கதிரில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு விழுக்காடு என்பதால், விலை குறைந்த 30ஐத் தாராளமாகப் பூசுவதே மேல்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

“நம் தோலுக்கு என்ன ஆகும்?” என்பது எப்போதும் முதல் கேள்வி. கரும்பு வெட்டிய பாட்டன்மார் தலையில் முண்டாசோடு வெயிலில் நின்றார்களே என்பார்கள். அந்த முண்டாசையே நானும் சுட்டிக்காட்டுவேன். கறுத்த தோல் வெயிலால் தோல் வெந்துபோவதிலிருந்து ஓரளவு காக்கும், முழுமையாக அல்ல. கண்ணில் புரை விழுவதைத் தோலின் நிறம் தடுப்பதில்லை. விட்டமின் டி குறையும் என்ற கவலைக்கு, பிள்ளைகள் மேல் காலையிலும் வீடு திரும்பும்போதும் வெயில் படத்தான் செய்கிறது, நீண்ட நேர உச்சி வெயிலை மட்டுமே தவிர்க்கிறோம் என்பது பதில்.

இன்னொரு பேச்சு மெதுவாக வரும்: “பொண்ணு கறுத்துப் போகாம இருக்கும்ல.” இந்த ஆதரவை ஏற்றுக்கொள்ள வேண்டாம். நிறத்தைக் காட்டிக் கொள்கைக்கு ஆள் சேர்த்தால், வெளுக்கும் களிம்பு விற்பவர்களுக்கு நாமே கதவு திறக்கிறோம். ஹைட்ரோகுவினோன் கலந்த அழகுப் பொருட்களை இந்நாடு 1990இலேயே தடை செய்தும் அவை கள்ளத்தனமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பூசிய தோல் வெயிலுக்கு இன்னும் எளிதில் இரையாகும். கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் போனால் போதாது, ஜூலு மொழியிலும் போக வேண்டும். சாட்ஸ்வர்த்துப் பள்ளிகள் பலவற்றில் இன்று ஜூலு பேசும் பிள்ளைகளே பெரும்பான்மையாக இருக்கிறார்கள்.

அல்பினிசம், அதாவது பிறவியிலேயே தோலிலும் கண்ணிலும் நிறமி குறைந்த நிலை, உள்ள பிள்ளை ஒருவரேனும் இருந்தால், அவருக்கெனத் தனி விதி எழுத்தில் வேண்டும்: வகுப்பறைக்குள்ளும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணியலாம், சன்னலிலிருந்து தள்ளியும் கரும்பலகைக்கு அருகிலும் இருக்கை, விளையாட்டில் விலக்கல்ல, காலை நேரத்தில் பங்கு. புதிதாக வரும் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் அந்தப் பிள்ளை தானே விளக்கம் சொல்லும் நிலை கூடாது.

கொள்கை வாக்கியங்களை இப்படி எழுதுங்கள்: “அக்டோபர் முதல் மார்ச் இறுதி வரை, 10 மணிக்குப் பிறகு திறந்த மைதானத்தில் உடற்கல்வி வகுப்பு நடைபெறாது, கால அட்டவணைப் பொறுப்பாசிரியர் இதற்குப் பொறுப்பு.” ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நீண்ட இடைவேளையில் மாடிப்படியில் நின்று, வெயிலில் எத்தனை பேர், அவர்களில் தொப்பியோடு எத்தனை பேர் என்று பத்து நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச்சில் மறுபடியும் எண்ணுங்கள். வெயிலில் இருப்பவர்களின் எண் குறையவில்லையென்றால் பிள்ளைகளைத் திட்டும் முன் பெஞ்சுகள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் ஒன்பது பெஞ்சுகளும் வெயிலில் கிடந்தன. பணியாளர் இருவர் ஒரு சனிக்கிழமை காலையில் அவற்றை மரத்தடிக்கு நகர்த்தினார்கள், திங்கட்கிழமை பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.