வேனின் நடுக்கம் எப்படி நின்றது?

எங்கள் பழைய வேனை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றி, பதிவுச் சான்றிலும் ஏற்றிய பிறகு (1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-ஆம் பிரிவைப் படிக்காமல் இதில் இறங்காதீர்கள்), தென்பெண்ணையாற்று மணலில் அருமையாக ஏறியது. ஆனால் கடலூர்–புதுச்சேரி சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காலடித் தகடே நடுங்கியது.

சக்கரங்களை பேலன்ஸ் செய்தேன், பயனில்லை. வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்தபோதுதான் கண்ணில் பட்டது: எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பின் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள் (கவட்டை போன்ற முனைகள்) ஒரே நேர்கோட்டில் இல்லை. விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் வந்ததால் ஷாஃப்டைக் குட்டையாக்கிய பட்டறையில், அதன் இரு பாகங்களும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்லிணைப்பைப் பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். ஒரு முனை ஜாயின்ட் உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மறுமுனை ஜாயின்ட் சரிக்கட்ட வேண்டும். கவைகள் திரும்பியிருந்தால் இரண்டும் சேர்ந்து வண்டியை உலுக்கும்.

ஷாஃப்டைக் கழற்றினேன். கிரீஸில் அப்பியிருந்த மணலை டீசலில் கழுவி, புது கிரீஸ் வைத்து, கவைகளை நேராக்கி மாட்டினேன். சாக்பீஸ் கோடு அழிந்துவிடும் என்பதால் இரு பாகங்களிலும் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி அடித்தேன். அந்தப் புள்ளி இல்லாமல் இனி யாரையும் அதைக் கழற்ற விடமாட்டேன்.

மிச்சமிருந்த சிறு அதிர்வுக்குக் காரணம், வண்டியின் உயரத்தைக் கூட்டியதால் மாறிய ஷாஃப்டின் கோணம். கமான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்ததும் அதுவும் போய்விட்டது.