பவளத் தொட்டியில் அரிய சிறுமீன்கள்: முதல் சில வாரங்களின் உணவு

இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள அரிய கோபி மீன்களைக் கடல்நீர்ப் பவளத் தொட்டியில் வளர்ப்பவர்கள், நோயைவிடப் பசிக்கே அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிதாக வந்த மீன் பெரும்பாலும் உலர் உணவை இரையாகவே கருதாது. கண்ணெதிரே அசைவதைத்தான் கொத்தும். ஆகவே, அதைப் பெரிய மீன்களோடு நேரடியாக விடாமல், ஒளிந்துகொள்ளக் குழாய்த் துண்டு இட்ட சிறு தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்து, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் போன்ற மிகச் சிறிய உயிரி) குஞ்சுகளை நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஆர்ட்டீமியா முட்டைகள், இடைவிடாமல் காற்றூட்டப்படும் 28 டிகிரி செல்சியஸ் உப்புநீரில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். குஞ்சுகள் தம் உடலில் உள்ள கருவுணவை விரைவில் செலவழித்துவிடுவதால், பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அந்தச் சத்து மீனுக்குக் கிடைக்கும். வெற்று ஓடுகளைத் தவறாமல் பிரித்துவிடுங்கள். மீனின் வயிறு சற்றே உருண்டு, உறைந்த உணவையும் அது ஏற்கத் தொடங்கிய பின்பே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும்; இரு தொட்டிகளிலும் நீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும், நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 என்ற அளவில் ஒத்திருக்கட்டும். மீன் உள்ளே இழுக்கப்படாதபடி பம்ப்பின் உறிஞ்சுவாயை நுண்துளை ஸ்பாஞ்சால் மூடுங்கள். மேலே நுண்வலை இல்லாத தொட்டியில் இம்மீன்களை ஓர் இரவுகூட விடாதீர்கள், ஏனெனில் மிரண்டால் அவை சிறு இடைவெளியிலும் துள்ளி வெளியேறிவிடும்.