பழைய பைக்குக்குப் புது இன்ஜின்: கணக்கு உதைக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தி 1955-இல் நின்றது. அதன் 998 சிசி வி-ட்வின் இன்ஜினுக்கு இன்றும் புத்தம்புது உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. ஆகவே பழைய பைக்கின் இன்ஜின் பாகங்களைப் புதிதாகச் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வியே இல்லை. எத்தனை செய்வது, யார் வாங்குவார்கள், போட்ட பணம் எப்போது திரும்பும் என்ற இடத்தில்தான் கைதேர்ந்த பட்டறைக்காரர்களும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கையில் செய்யும் தவறிலிருந்து தொடங்குவோம். ஒரு சிலிண்டர் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) வார்த்து, சூட்டில் பதப்படுத்தி, மெஷினிங் (இயந்திரத்தில் சீவித் துளைப்பது) முடிக்க ஆகும் செலவை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர்ன் (மணலில் வடிவம் பதிக்கும் மாதிரி), கோர் பெட்டி (உள்வெற்றிடத்தை உண்டாக்கும் மணல் கருவான கோரைச் செய்யும் அச்சு), ஃபிக்ஸ்சர் (மெஷினில் பாகத்தைப் பிடிக்கும் தாங்கி), சோதனை வார்ப்பு என ஒருமுறை மட்டும் ஆகும் செலவு எல்லாம் சேர்ந்து 40. இருபது ஹெட் செய்தால் மொத்தம் 60, ஒன்றின் அடக்கவிலை 3. நூறு செய்தால் மொத்தம் 140, அடக்கவிலை 1.4. இந்த 1.4-ஐப் பார்த்து மயங்கி நூறு வார்த்துவிடுகிறார்கள். விலை 2 என்று வைத்து முப்பது விற்கிறது. வந்தது 60, போட்டது 140. மீதி எழுபதும் அலமாரியில் தூங்கும். இருபது மட்டும் செய்து 3.5-க்கு விற்றிருந்தால் 70 வந்திருக்கும், கையில் 10 மிஞ்சியிருக்கும். அடக்கவிலை குறைவதும் லாபம் வருவதும் வேறு வேறு விஷயங்கள்.

ஓடும் வண்டிகள் எத்தனை என்பதை வைத்தும் விற்பனையைக் கணிக்க முடியாது. நல்ல ஹெட்டை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். தேவைப்பட்டவர்கள் முதலில் வாங்கி முடித்ததும் விற்பனை சொட்டு சொட்டாகிவிடும். “செய்தால் கட்டாயம் வாங்குவேன்” என்று சொல்பவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை. முன்பணம் கொடுத்தவரை மட்டும் எண்ணுங்கள். அந்த முன்பணம் பேட்டர்ன், ஃபிக்ஸ்சர் செலவையாவது ஈடுகட்டும்வரை உலோகத்தை உருக்க வேண்டாம். பத்துக்கும் குறைவாகத்தான் தேவை என்றால் பேட்டர்னே செய்யாமல், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் (3டி பிரிண்டர்) உருவாக்கிய மணல் வார்ப்பச்சில் வார்க்கலாம். ஒன்றின் விலை கூடும், ஆனால் முதலீடு முடங்காது. அழுத்த வார்ப்புக்கான டை (உலோக அச்சு) பக்கம் போகவே வேண்டாம், அது ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கானது.

கழிவைக் கணக்கில் சேர்க்காதது அடுத்த தவறு. காற்றுத்துளையும் கோர் நகர்ந்ததும் பெரும்பாலும் மெஷினிங்கின் பாதியில்தான் வெளியே தெரியும். அதற்குள் உலோகத்தோடு மெஷின் நேரமும் போயிருக்கும். இருபது நல்ல ஹெட் வேண்டுமென்றால் இருபத்தைந்து வார்க்கச் சொல்லுங்கள். முதலில் வருவதில் ஒன்றிரண்டை வாளால் அறுத்து, உள்ளே சுவரின் தடிமனைப் பாருங்கள். அறுக்க மனம் வராதுதான்.

பழைய பாகத்தையே பேட்டர்னாக வைத்து வார்ப்பது ஆசை காட்டும் குறுக்குவழி. அலுமினியம் உறையும்போதும் ஆறும்போதும் சுமார் 1.3 சதவீதம் சுருங்கும்; 100 மி.மீ. நீளம் 98.7 ஆகிவிடும். அதற்குமேல், மெஷினிங்கில் சீவ வேண்டிய 2–3 மி.மீ. அதில் இருக்காது. எழுபது ஆண்டுத் தேய்மானமும் அப்படியே நகலாகும். ஒரே ஒரு பழைய பாகத்தை மட்டும் அளக்காமல் மூன்று நான்கை அளந்து, தேயாத முகங்களிலிருந்து அளவெடுங்கள். பேரிங் உட்காரும் துளைக்கு ஒரு நல்ல துப்பு உண்டு: அந்தப் பேரிங்கின் தர அளவைத் தேடினால் வடிவமைத்தவர் எண்ணிய அளவு கிடைத்துவிடும்.

செலவைக் குறைக்க வெப்பப் பதத்தைத் தவிர்ப்பவர்களும் உண்டு. எல்எம்25 போன்ற அலுமினியக் கலவையை 540 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைத்து, நீரில் தணித்து, பிறகு 155–175 டிகிரியில் முதிரவிட்டால்தான் முழு வலிமை வரும். அதைச் செய்யாத ஹெட் மேசையில் அழகாகவே இருக்கும். சூட்டில் ஓடும்போதுதான் 0.1 மி.மீ. இறுக்கத்தில் பொருத்திய வால்வ் சீட் (வால்வ் அமரும் வளையம்) தளரத் தொடங்கும். திரும்பி வரும் அந்த ஒரு ஹெட் நாலைந்து ஹெட்டின் லாபத்தை விழுங்கிவிடும். தணிக்கும்போது வார்ப்பு கோணும் என்பதால் இறுதி மெஷினிங் எப்போதும் பதத்துக்குப் பிறகே.

போல்ட், நட்டு மரையில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கால் அங்குல பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் நுண்மரைத் தரம்) மரைக்கும் கால் அங்குல சைக்கிள் மரைக்கும் (சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கான தரம்) அங்குலத்துக்கு 26 புரிதான். ஆனால் மரைப் பள்ளத்தின் கோணம் முன்னதில் 55 டிகிரி, பின்னதில் 60. நட்டு ஏறும், இறுக்கினால் மரை பிய்யும்.

இனி பெரிய தவறு: முழு இன்ஜினில் தொடங்குவது. அதில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சப்ளையர், ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு குறைந்தபட்ச ஆர்டர். பிஸ்டன் ரிங் மட்டும் தாமதமானாலும் மற்ற எல்லாப் பாகத்திலும் போட்ட பணம் அதோடு காத்திருக்கும். கிளட்ச் தட்டு, வால்வ் கைடு, கேஸ்கெட், பிஸ்டன் போன்ற தேயும் சாமான்களில் தொடங்குங்கள். அவற்றைத்தான் மறுபடி மறுபடி வாங்குவார்கள். அடுத்து ஹெட், சிலிண்டர். இரு பாதியையும் சேர்த்தே துளைக்க வேண்டிய கிராங்க் கேஸ் (கிராங்க் தண்டைச் சுற்றிய கூடு) கடைசி.

வெளியிலிருந்து வாங்கும் பாகங்கள் எவ்வளவு பாடாய்ப் படுத்தும் என்பதற்குப் பிரிட்டிஷ் பைக் நிறுவனமான டிரையம்ப் ஒரு நல்ல உதாரணம். அதன் மெரிடன் தொழிற்சாலை 1983-இல் மூடப்பட்டது. லெஸ் ஹாரிஸ் உரிமம் பெற்று, 1985 முதல் 1988 வரை இங்கிலாந்தின் நியூட்டன் ஆபட்டில் அதன் போனவில் பைக்கைத் தயாரித்தார். பழைய சப்ளையர்கள் பலர் அதற்குள் காணாமல் போயிருந்ததால் பிரேக், ஃபோர்க் போன்றவற்றை இத்தாலியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. பொறுப்புக் காப்பீட்டுச் (விபத்துக்கு இழப்பீடு கேட்டால் கைகொடுக்கும் காப்பீடு) செலவு தாங்காததால் அமெரிக்கச் சந்தைக்கே போகவில்லை. பெயர் உரிமம், காப்பீடு இரண்டையும் விலை வைப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பேட்டர்ன் யாருடையது என்பதையும் ஃபவுண்டரியோடு (வார்ப்பாலை) எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபவுண்டரி மூடப்பட்டாலோ கை மாறினாலோ, பெயர் எழுதாத பேட்டர்ன் விறகோடு போகும். மரப் பேட்டர்ன் என்றால் ஈரத்தில் வளையும். அடுத்த பேட்ச் வார்க்கும் முன் மறுபடி அளந்து பாருங்கள்.